பீரங்கி பார்க்கும் ஊர்

கோட்டைப் பக்கம்,
ஜனவரி 12

பாசமுள்ள அண்ணனுக்கு,

விடுதியில் மெத்தை விரிப்பு மாற்றி மாற்றி விரல் தேய்ந்துபோன உன் ஒரே தங்கை எழுதிக்கொண்டது. நான் நலம். அண்ணி நலமா? என் மருமகள் நலமா? நீ எப்படி இருந்தால் எனக்கென்ன.

கோபம் ஏன் என்று கேட்பாய். மகள் கல்யாணம் முடிந்ததும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். இத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன் என்று மேலேயும் கீழேயும் போய் வந்த மனுஷன், இப்போதுதான் பக்கவாட்டில் நகர யோசிக்கிறாய். ஆனால் எங்கே போகிறாயாம்? அக்கரைத் துறைமுகத்துக்காம்! கூட வேலை பார்க்கிறவன் சொன்னானாம். இக்கரையில் சொந்தத் தங்கை குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் வந்து கோட்டை கட்டினான். அவனைப் பிடிக்காத இன்னொரு வெள்ளைக்காரன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் துறைமுகம் கட்டினான். இரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பீரங்கி மட்டும் எங்கள் மதில் மேல் இன்னும் அக்கரையைப் பார்த்து நிற்கிறது. அந்த ஊருக்கு அதுதான் மரியாதை.

அங்கே தெருவெல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும், அப்புறம் எதற்கு நடப்பது? எங்கள் தெரு வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு உயரமான கதவு, ஒரு மஞ்சள் சுவர், சுவர் மேல் ஒரு பூனை. அங்கே தங்கிவிட்டு இங்கே வருகிற ஜனங்கள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார்கள். கப்பல் சங்கு அவர்களைத் தூங்கவிட்டிருக்காது. படுக்கையைப் பார்த்தே சொல்வேன் நான்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்? பச்சை இல்லை அண்ணா, பாசி.

அண்ணியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்ததாகச் சொல். நீ கொடுக்காதே, நான் கொடுத்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் சண்டைக்கோழி


ஜனவரி 30

அன்புத் தங்கை சண்டைக்கோழிக்கு,

அண்ணன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். உன் சுகத்தையும் உன் வாயின் சுகத்தையும் அறிய ஆவல்.

துறைமுகத்தின் படம் ஒன்றை எங்கள் மேஸ்திரி காட்டினான். தண்ணீரில் விளக்கு வெளிச்சம் என்னமாய் விழுகிறது! உன் ஊர்ப் படமும் காட்டினான். இடிந்த சுவர், அதன் மேல் காயப்போட்ட விரிப்பு. அது நீ காயப்போட்டதாகத்தான் இருக்கும். அதனால் முடிவு செய்துவிட்டேன். நாங்கள் அக்கரையில் தங்குவோம், நீ படகேறி வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போ.

அண்ணி சமையலறையிலிருந்தே கத்துகிறாள், "அண்ணனும் தங்கச்சியும் போடுற சண்டைல என் டிக்கெட்டு வீணாப் போகக்கூடாது. நான் ரெண்டு ஊரையும் பாத்துட்டுத்தான் திரும்புவேன்!" என்று.

முக்கியமான விஷயம். மே மாத நடுவில் கல்யாணம் வைத்திருக்கிறோம். போன தடவை நடந்தது உனக்கே தெரியும். பெரியப்பா தவறிவிட்டார் என்று தேதியைத் தள்ளினோம். தள்ளின தேதி வரவே இல்லை, அவர்கள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அதிலிருந்து என் மகள் சிரித்தாலும் அளந்துதான் சிரிக்கிறாள். இந்தத் தடவை இடியே விழுந்தாலும் நடந்தாகவேண்டும். "அத்தை பக்கத்துல நிக்கலேன்னா நான் மணமேடை ஏறமாட்டேன்" என்கிறாள். ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு.

உன் அண்ணன்


கோட்டைப் பக்கம்,
பிப்ரவரி 21

பாசமுள்ள அண்ணனுக்கு,

நலம், நலம், எல்லாம் நலம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

கல்யாணச் செய்தி படித்ததும் விடுதி முழுக்கச் சொல்லிவிட்டேன். மொழி தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரரிடமும் சொன்னேன். என்ன புரிந்ததோ, எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். மருமகளுக்கு ஒரு ஜோடி தோடு வாங்கி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத்தான் எங்கள் பெண்ணையே கொடுக்கிறோமே.

இரண்டு வாரமாக என்னை மாடிப்படி ஏறக்கூடாது என்று முதலாளியம்மா வாசல் மேஜையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார். பதவி உயர்வு! சாவிக் கொத்தைக் கையில் பிடித்தபடி ராணி மாதிரி இருக்கிறேன். சாப்பாடுதான் இறங்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான், கல்யாணத்தில் அண்ணியைவிட ஒல்லியாகத் தெரிவேன்.

துறைமுகப் படத்தைக் கிழித்துப் போடு.

உன் சண்டைக்கோழி


அக்கரை, பெரியாஸ்பத்திரி,
மார்ச் 19

விடுதி இஸ்திரிக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. உன் வீட்டில் எல்லாரும் சுகமா? என் சுகத்தைத்தான் நீயே தூக்கி வந்து படகில் ஏற்றிவிட்டாயே.

கேட்டுக்கொண்டே இருந்தாய் அல்லவா, சொல்கிறேன். ஈரலில் கட்டியாம். கத்தி வைக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சீட்டு எழுதினால் பிழைக்கலாம் தம்பி, கையைப் பிடித்தால் என்ன அர்த்தம் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

இது என் அண்ணனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவான், தேதி தள்ளிப்போகும். ஒரு தடவை தள்ளிப்போய் அந்தப் பெண் பட்டது போதும். கல்யாணம் முடியட்டும். அப்புறம் அவன் ஊர் சுற்றிப் பார்க்க வருவான், அப்போது நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரைக்கும் இழுத்துப் பிடிப்பேன்.

அவன் கடிதம் வந்தால் படகுக்காரரிடம் கொடுத்துவிடு. நான் எழுதுவதை வாங்கி அந்தப் பக்கத்துத் தபால்பெட்டியில் போடு, இந்த ஊர் முத்திரை விழக்கூடாது. அண்ணன் திடீரென்று வந்து நின்றால், "அக்கரைக்கு ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்காங்க, சிரிச்சுக்கிட்டேதான் போனாங்க" என்று சொல்லவேண்டும். விடுதியில் எல்லாருக்கும் இதையே சொல்லிக்கொடுத்து வை. உன் பிள்ளைகள் மேல் சத்தியம் கேட்கமாட்டேன். நீ என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாய், அது போதும்.

உன் அக்கா


ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். போன கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. நீ தும்மினாலே இரண்டு பக்கம் வருமே!

பத்திரிகை அச்சாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. உனக்காக உள் அறையை ஒழித்து வைத்திருக்கிறாள் அண்ணி. எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது, ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். மகள் தினமும், "அத்தைகிட்டேருந்து லெட்டர் வந்துச்சா?" என்று கேட்கிறாள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 22

பாசமுள்ள அண்ணனுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கையில் ஸ்பேனர் இருந்தால் கீழே வை.

என்னால் கல்யாணத்துக்கு வரமுடியாது. சீசன். ஒரு பெரிய கூட்டம் விடுதி முழுவதையும் பிடித்துவிட்டது. இந்த நேரம் பார்த்துப் போனால் வேலையும் போய்விடும். திட்டு. நன்றாகத் திட்டு. திட்டி முடித்ததும் தோட்டை மருமகளிடம் கொடு, தனியாக அனுப்பியிருக்கிறேன். அவள் பக்கத்தில் அண்ணி நிற்கட்டும், அண்ணிக்குள்ளே நான் நிற்கிறேன் என்று சொல். ஒல்லியாகத்தானே இருக்கிறேன், இடம் போதும்.

இன்னொரு விஷயம். தலை குனிந்து சொல்கிறேன், நீ ஜெயித்துவிட்டாய். அக்கரை அழகுதான். உளவு பார்த்து வா என்று முதலாளியம்மா என்னை அங்கே அனுப்பினார். ஒரு மஞ்சள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. படுத்தபடியே கப்பல் தெரிகிறது. சாப்பாடு படுக்கைக்கே வருகிறது. நான் விரிப்பு மாற்றவேண்டாம், எனக்கு யாரோ மாற்றுகிறார்கள்! கசங்காமல் இழுத்துச் செருகத் தெரியவில்லை அவர்களுக்கு, சொல்லிக் கொடுத்தேன். கப்பல் சங்கை முதல் நாள் சபித்தேன். இப்போது அது ஊதாவிட்டால் என்னமோ போல இருக்கிறது. ஜன்னலில் எங்கள் கோட்டை ஒரு விரல் நீளத்துக்குத் தெரிகிறது. அதற்குள்ளேயே இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? என் ஊர் இவ்வளவு அழகு என்று அந்த ஊருக்கு வந்துதான் கண்டுகொண்டேன்.

அதனால் கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பி வா. லீவு சேரட்டும், மழை விடட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. நேராக அக்கரைக்கே வா. நான் வந்து உன்னைப் பார்க்கிறேன். ஏற்பாடு நீ சொன்னபடியே இருக்கட்டும்.

உன் சண்டைக்கோழி


ஜூன் 3

அண்ணா,

எல்லாரும் நலமா? நான் இருக்கிறேன்.

கல்யாணம் எப்படி நடந்தது என்று யாரும் எனக்கு எழுதவில்லை. மருமகள் அழுதாளா, நீ அழுதாயா? நீதான் அழுதிருப்பாய். தோடு போட்டுக்கொண்டாளா? ஒரு வரி எழுதினால் போதும். கோபத்தோடு எழுதினாலும் சரி, உன் கோபம் எனக்குப் புதுசா? சின்ன வயதில் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, நாலாவது நாள் என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டவன் நீ.

எப்போது வருகிறாய்?

தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வரவேண்டியவர்கள் வந்தார்கள். விடுதிக்கு வந்த விருந்தாளிகள் எங்களைவிட வேண்டியவர்களாகப் போய்விட்டார்கள் உனக்கு, பரவாயில்லை. தோட்டை மகள் போட்டுக்கொண்டாள்.

பயணத்தைப் பற்றி இப்போது யோசிக்கவில்லை.

அண்ணன்


கோட்டைப் பக்கம், உன் விடுதி,
ஆகஸ்ட் 8, காலை

அடி சண்டைக்கோழி,

உன் அண்ணன், உன் ஊரிலிருந்தே, உன் விடுதியின் கீழ்த்தள அறையிலிருந்தே எழுதுகிறேன். எப்படி?

நீ ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. எனக்கு வீம்பு. அண்ணிதான் பொறுக்கமாட்டாமல், "சண்டைக்கோழி கொக்கரிக்காம கெடக்கு. பெரிய மனுஷன் மாதிரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. போய்ப் பாத்துட்டு வாங்க. நான் பின்னாடி வரேன்" என்று பையைக் கையில் கொடுத்துத் தள்ளிவிட்டாள். மகளும் மருமகனும் வீட்டில் இருப்பதால் அவள் உடனே கிளம்ப முடியவில்லை.

அக்கரைக்கு வா என்று நீ எழுதியிருந்தாய். எனக்கா தெரியாது உன் தந்திரம்? நான் தோற்றதாக நினைத்து நீ சந்தோஷப்படவேண்டும் என்று நேராக உன் ஊருக்கே வந்தேன். நேற்று மதியம் வந்து கேட்டால், வாசல் மேஜையில் புதுக் கணக்குப்பிள்ளை ஒருவர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "அக்கரைக்கு ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்காங்க, சிரிச்சுக்கிட்டேதான் போனாங்க" என்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். நான் உன் ஊரில், நீ என் ஊரில்! எங்கே தங்கியிருக்கிறாய் என்று அவருக்குத் தெரியவில்லை. இஸ்திரிக்காரருக்குத் தெரியுமாம், அவர் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். படகுக்காரர் கடிதம் கொண்டுபோவாராம், அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

அவசரப்படாதே. ஆசை தீரச் சுற்றிப் பார்த்துவிட்டு வா, உனக்கும் எத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு ஓய்வு. நான் காத்திருக்கிறேன். தெருவையெல்லாம் பார்த்தேன். நீ சொன்ன கதவு, சுவர், பூனை எல்லாம் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு மதில் மேல் ஏறி, உன் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று, அக்கரையைப் பார்த்து உனக்கு ஒரு பெரிய கும்பிடு போடப் போகிறேன். கண் நன்றாக இருந்தால் பார்த்துக்கொள்.

கல்யாணத்துக்கு வராததற்கு நேரில் வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 8, சாயங்காலம்

அண்ணா,

வந்துவிட்டாயா.

தோற்றவன்தான் ஜெயித்தவளைத் தேடி வரவேண்டும். நாளை முதல் படகில் வா. இறங்கினதும் மஞ்சள் கட்டடம், மூன்றாம் மாடி. முகம் மழித்துக்கொண்டு வா, இங்கே எல்லாரிடமும் என் அண்ணன் அழகன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் படகு. மறந்துவிடாதே.

தங்கை


அக்கரை,
ஆகஸ்ட் 10

என் மனைவிக்கு,

நீ சுகமா என்று கேட்டு எழுதத்தான் கை வருகிறது. தந்தி வந்திருக்கும். மகளிடம் நீ சொல்லவேண்டாம், நானே வந்து சொல்கிறேன்.

நடந்ததை உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். கடைசிப் படகில் அவள் சீட்டு வந்தது. எப்போதும்போல விளையாட்டாகத்தான் எழுதியிருந்தாள். காலையில் எழுந்தேன், முதல் படகின் சங்கும் கேட்டது. கல்யாணத்துக்கு வராமல் என்னைக் காயவிட்டாளே, ஒரு படகு நேரம் அவள் காத்திருக்கட்டும் என்று தோன்றியது. டீ குடித்தேன். முகம் மழித்தேன். இரண்டாவது படகில் ஏறினேன்.

இறங்கினேன். மஞ்சள் கட்டடம் ஒன்றுதான் இருந்தது. வாசல் பலகையைப் படித்தபிறகும், அவள் இங்கே யாரையாவது பார்க்க வந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். லிஃப்டுக்காக நிற்கவில்லை, படியில் ஏறினேன். மூன்றாம் மாடியில் முகத்தை மூடியிருந்தார்கள். நான் திறந்து பார்த்தேன். நம் வீட்டில் அவளுக்கு ஒழித்து வைத்த அறையில் ஒரு மூலை போதும், அவ்வளவுதான் இருந்தாள்.

மார்ச் மாதத்திலிருந்து இங்கேதான் இருந்திருக்கிறாள். கல்யாணம் நின்றுவிடக்கூடாதே என்று நமக்குச் சொல்லவில்லை. அதுவரை தாங்கமாட்டாள் என்றார்களாம். அதற்கு மேலும் தாங்கியிருக்கிறாள், நான் வீம்பு பிடித்த நாட்களையும் சேர்த்து.

பக்கத்துப் படுக்கையில் ஒரு வயதான அம்மா. அவர்தான் எல்லாம் சொன்னார். முதல் படகு சங்கு ஊதினதும், "இறங்கறவங்கள்ல மீசையோட ஒருத்தன் வரானா பாருங்க" என்று கேட்டாளாம். அந்த அம்மா எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்ல மனசு வராமல், "கூட்டமா இருக்கு, தெரியல" என்றாராம். "சவரம் பண்ணிட்டு இருப்பான்" என்று சொன்னாளாம். அதற்கு அப்புறம் பேசவில்லையாம்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அப்படிச் சொல்றேனேன்னு மனசு ஒடஞ்சு போகாதீங்க. நேத்து மத்தியானம் உங்க லெட்டர் வந்ததும் என்னா சந்தோஷம்ங்கறீங்க! தலையணைய அடுக்கச் சொல்லி ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டா. சாயந்தரம் வரைக்கும் கோட்டையவே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் திடீர்னு, 'அதோ! பீரங்கிகிட்ட நிக்கறான் பாருங்க, கையத் தூக்கறான், எங்க அண்ணன்தான், அவன் நிக்கற நிலையே சொல்லுதே'ன்னு ஒரே சிரிப்பு. எனக்குக் கண்ணு தெரியல, சும்மா ஆமான்னேன். இவளும் கையத் தூக்கி ஆட்டினா. நீங்கதானே அது?"

அன்று மதியம் சாப்பிட்டதும் பயணக் களைப்பில் அறையிலேயே படுத்துத் தூங்கிப்போனேன். விழித்தபோது இருட்டிவிட்டது. இந்த நிமிஷம் வரைக்கும் நான் அந்த மதில் மேல் ஏறவில்லை.

"ஆமாம்மா, நான்தான்" என்று சொன்னேன்.

நீ உடனே கிளம்பி வா.

உன் கணவன்